உட்காராத ராதிவோயும் பீன்ஸ் தண்ணீர்க் கிரீமும்

1983 டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, மெதென் ரித் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மாட்டுத் தராசில் ராதிவோயின் எடை பூஜ்யத்துக்குக் கீழே நான்கு கிலோவாக இருந்தது. தராசில் பழுது எதுவும் இல்லை. அவனுக்கு முன்னால் ஏறிய பன்றி நூற்றுப் பதினேழு கிலோ, அவனுக்குப் பின்னால் ஏறிய பன்றி நூற்று இருபத்திரண்டு. விற்க வந்தவர்கள் இரண்டையும் குறைவு என்றார்கள், வாங்க வந்தவர்கள் இரண்டையும் அதிகம் என்றார்கள், ஆகவே இரண்டும் சரியான எடைதான். ராதிவோயின் கையில் இருபது கிலோ எடைக்கல்லைக் கொடுத்து ஏற்றியபோது முள் பதினாறில் நின்றது. தராசுக்காரர் ஜிவ்கோ அந்த ஊரில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைச் செயலாளரும்கூட. விஞ்ஞானத்துக்கு விரோதமான எதையும் தன் தராசில் அனுமதிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இரண்டு முறை முள்ளைத் தட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை தட்டாமல், ராதிவோயின் மனைவி தெசாங்காவைப் பார்த்து, "இவனை விக்கிறதா இருந்தா, வாங்கறவனுக்கு நாமதான் ஏதாவது குடுக்கணும் போலருக்கே" என்றார். தெசாங்கா எண்ணைப் புறங்கையில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் கவலை பாதி, ஆர்வம் பாதி இருந்தது. எந்தப் பாதி பெரிய பாதி என்பதில் ஊருக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு.

ராதிவோய் மெலிந்துவிட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வயிறு இருந்த இடத்தில் இருந்தது, பெல்ட் அதே கடைசித் துளையில் இருந்தது, தாடைகள் மூன்றும் மூன்றாகவே இருந்தன. எடை மட்டும்தான் போயிருந்தது. தராசுவரை அவனைக் கொண்டுவர, தெசாங்கா ஒரு தள்ளுவண்டியில் மக்காச்சோளத்தை நிரப்பி, அதன் பின்புறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தானே முன்னால் நின்று இழுத்து வந்தாள். காற்றடித்தபோது அவன் கால்கள் கொடியில் காயும் போர்வைபோல ஒரு பக்கமாக நீண்டன. வழியில் பார்த்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவனும் சொன்னான், கையை மட்டும் எடுக்கவில்லை.

இத்தனையும் நிற்பதற்காக நடந்தது.

ருமேனியா எல்லையை ஒட்டிய பனாத் சமவெளியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவருக்கு ஆண்டில் ஒரு நாள் உண்டு. அதை ஸ்லாவா என்பார்கள். அந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தேதி தெரிந்தவன் வருவான், தெரியாதவன் நல்லவனில்லை. விதி ஒன்றே ஒன்று: வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. காலையில் மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து கடைசி விருந்தாளியை வெறுந்தலையோடு வெளிக்கதவுவரை கொண்டுபோய் விடுகிற வரைக்கும் அவன் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும், நாற்பது பேரின் நகைச்சுவைக்கும் சிரிக்க வேண்டும். ராதிவோயின் அப்பா ஒரு வருஷம் முறிந்த காலோடு நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். தாத்தா டைஃபாய்டு காய்ச்சலோடு நின்றார், அவரிடம் முத்தம் வாங்கிக்கொண்டு போன பதினோரு பேரும் மறு வாரம் படுத்தார்கள், ஆனால் ஒருவரும் குறை சொல்லவில்லை. ராதிவோய்க்கு நூற்று எழுபத்தொரு கிலோவும் இரண்டே முட்டிகளும் இருந்தன. 1982 டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள், மதியம் இரண்டு இருபதுக்கு, மீன் சூப்புக்கும் வறுத்த மீனுக்கும் நடுவில், அவன் அடுப்போரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி போட்ட சத்தத்தில் நாற்பத்தொரு முட்கரண்டிகள் பாதி வழியில் நின்றன.

அவன் தம்பி ஒப்ராத்தான் முதலில் எழுந்தவன். சாலைக்கு எதிர்ப்புறத்தில் குடியிருப்பவன், கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பேசுகிறவன்.

"பரவால்லண்ணா, உட்காரு. உட்காந்தது உட்காந்ததுதான். அடுத்த வருஷ ஸ்லாவாலயும் நிக்க முடியலேன்னா மெழுகுவர்த்தி ரோட்டைத் தாண்டி எங்க வீட்டுக்கு வந்துடட்டும். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டுமே," என்றாள் அவன் மனைவி மிலுங்கா.

"என் புருஷன் நிப்பான்," என்றாள் தெசாங்கா.

"எதைப் புடிச்சிக்கிட்டு, அண்ணி?"

"எதையும் புடிக்காம."

மெழுகுவர்த்தி போனால் புனிதரின் படமும் போகும், விருந்தாளிகளும் போவார்கள். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அந்த வீட்டில் டிசம்பர் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் வரும் ஒரு நாளாக மட்டும் ஆகிவிடும். ராதிவோய் தன் சொந்தப் புனிதருக்கே விருந்தாளியாகப் போய் உட்கார வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அந்த நாளுக்கு ஒன்பது கேக் செய்த தெசாங்கா, ஓர்ப்படி மிலுங்காவின் மேஜையில் கைகட்டி உட்கார்ந்து அவள் செய்த கேக்கைப் பாராட்ட வேண்டும். மிலுங்கா தன் கேக்குக்கு மேல் தடவும் மார்கரின் கிரீமை அவர்கள் வீட்டு நாய் சாப்பிடுவதில்லை, குழி தோண்டிப் புதைக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் ஊருக்கு வரும் டாக்டர் கொர்னேலியா, ராதிவோயின் முட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, லேசாகச் சாப்பிட வேண்டும் என்றார். ராதிவோய் பன்றிக் கொழுப்பை விட்டான், வெள்ளை ரொட்டியை விட்டான், இரண்டாம் தட்டு சூப்பைக்கூட விட்டான். கேக்கில் வந்து நின்றுகொண்டான்.

"கேக்கையும் நிறுத்திட்டு, உசிரோட இருந்து நான் என்ன டாக்டரம்மா பண்ணப்போறேன்?"

டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தெசாங்காவிடம் சொன்னார்: "அப்ப கேக்கை லேசாக்கு."

டாக்டர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெசாங்கா கேட்டுக்கொள்ளவில்லை. வேலை ஒன்று ஒப்படைக்கப்பட்டது, அவள் எடுத்துக்கொண்டாள். கேக்கின் கனம் கேக்கில் இல்லை, மேலே பூசும் கிரீமில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கால் கிலோ வெண்ணெயும் கால் கிலோ சர்க்கரையும் போட்டு அடித்த கிரீம் கேக்கின் மேல் ஒரு சம்மன்போல வந்து இறங்கும். ஜனவரியில் மாவைப் பாலில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, பாதி வெண்ணெயோடு அடித்தாள். பிப்ரவரியில் கால் பங்கு வெண்ணெய். மார்ச்சில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்த கட்டியில் தேன் சேர்த்தாள். ஏப்ரலில், கொதிக்கும் தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, ஒற்றைக் கம்பிப் பதத்தில் பாகு விட்டாள். ஒவ்வொன்றையும் தடவுவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். அந்த ஊர்ப் புத்தகங்களில் சமையல் குறிப்புகளுக்குப் பெண்களின் பெயர் இருக்கும்: ஸ்மில்யாவின் கேக், அஞ்சல்காரர் மனைவியின் பிஸ்கட். இவற்றைத் தந்த பெண் யாரும் இல்லாததால் தெசாங்கா வெறும் தேதி போட்டாள்.

நவம்பரில் ராதிவோய் நூற்று ஐம்பத்தெட்டு கிலோ. பதின்மூன்று குறைந்திருந்தது, ஆனால் அந்தச் செய்தி முட்டிகளை எட்டவில்லை. சமையலறையிலிருந்து எல்லா நாற்காலிகளையும் வெளியேற்றிவிட்டு, அலாரம் கடிகாரத்தை வைத்து அவனை நிற்கச் சொன்னாள். நாற்பத்தேழு நிமிஷம் நின்றான். ஸ்லாவாவுக்கு வேண்டியது பதினான்கு மணி நேரம்.

நவம்பர் இருபத்தெட்டில் கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியது. முட்டை போயிற்று, பால் போயிற்று, வெண்ணெய் போயிற்று, வடித்த தயிரும் போயிற்று. புனித நிக்கோலா ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு நடுவில்தான் வந்து விழுகிறார். எவ்வளவு பெரிய புனிதராக இருந்தாலும் மீனுக்குமேல் அவருக்குச் சலுகை கிடையாது. மற்ற பெண்கள் மார்கரினை நம்பினார்கள். அது தாவரக் கொழுப்பு, நோன்புக்கு ஆகும், இறங்கிய இடத்தைவிட்டு நகராது. தெசாங்காவிடம் மிஞ்சியவை சர்க்கரை, எலுமிச்சம்பழம், பிடிவாதம். அடுப்பில் நோன்புக்கான வெள்ளை பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. பானை விளிம்பில் நுரை ஏறியது. அந்தச் சமவெளியில் நானூறு வருஷமாகப் பெண்கள் அந்த நுரையைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டு, தண்ணீரை முற்றத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று தெசாங்கா கரண்டியை எடுத்துவிட்டு நின்றாள். இது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள்.

பிசுபிசுப்பான, நீர்த்த டீ நிறத்தில் இருந்த அந்தத் தண்ணீரை வடித்து ஆறவைத்தாள். இரண்டு கப். பாதி எலுமிச்சை பிழிந்தாள். முட்டை அடிப்பானால் கால் மணி நேரம் அடித்தபோது டீ நிறம் போய், பனி நிறம் வந்தது. பாகை நூலாக விட்டு மறுபடி அடித்தாள். பதம் வந்ததா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு: கிண்ணத்தைத் தலைக்குமேல் கவிழ்ப்பது. கவிழ்த்தாள். கிரீம் விழவில்லை. திருப்தியோடு கையை எடுத்தாள். கிண்ணமும் விழவில்லை.

ஒரு காபி குடிக்கும் நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வருஷம் நாட்டில் காபி கிடைக்கவில்லை, ஆகவே குடிக்கவில்லை, நேரம் மட்டும் அவ்வளவு. கரண்டியால் மெல்லத் தள்ளினாள். கிண்ணம் அடுப்புப் பக்கம் போய், சூடு பட்டதும் திரும்பி வந்தது. புத்தகத்தைத் திறந்து எழுதினாள்: "நவம்பர் 30. பீன்ஸ் தண்ணீர். மேலே நிற்கிறது." அன்று மாலைக்குள் வேறு சிலவும் தெரிந்துகொண்டாள். சிவப்பு பீன்ஸ் தண்ணீரில் அடித்தது மேலே போகாமல் பக்கவாட்டில் போகிறது. பட்டாணித் தண்ணீரில் அடித்தது ஏறுகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் இறங்கிவிடுகிறது. சர்க்கரையைக் கூட்டினால் ஒரு சாண் தாழ்கிறது. ஆக, இனிப்புக்கும் கனம் உண்டு, அதிகமில்லை.

ஆப்பிளும் வால்நட்டும் போட்ட நோன்பு கேக்கின்மேல் அதைத் தடவி, கத்தியால் பலகையோடு குத்தி நிறுத்தினாள். ஒரு கேக்குக்குப் பதினாறு துண்டு. டிசம்பர் முதல் தேதி ராதிவோய் முதல் துண்டைச் சாப்பிட்டான்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு. ஆனா சாப்பிட்ட மாதிரியே இல்ல."

மறுநாள் ஆறு கிலோ குறைந்திருந்தான். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, ஒரு துண்டுக்கு ஆறு கிலோ. பதினான்கு நாளில் அவன் எழுபத்துநான்கு கிலோ ஆனான், உடம்பு அதே உடம்பு. நடுவில் வந்த முதல் செவ்வாயில் டாக்டர் கொர்னேலியா தன் தராசைத் துடைத்தார், தானே ஏறிப் பார்த்தார், இறங்கி, அவன் பெல்ட்டை அளந்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு, "அந்த கிரீம் கொஞ்சம் கொண்டுவர முடியுமா, பரிசோதனைக்கு" என்றார். அடுத்த செவ்வாய் அவர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். ஊருக்குச் சந்தேகங்கள் நிறைய இருந்தன. பனியில் அவன் நடந்தால் தடம் விழுமா? விழுந்தது, கோழித் தடம் ஆழத்துக்கு. கனவும் லேசாக வருமா? வரவில்லை, பன்றி வறுவல்தான் வந்தது. முட்டிவலிக்காரப் பெண்கள் பாத்திரம் கொண்டு வந்து, வந்த காரணத்தைக் கடைசிவரை சொல்லாமல் வானிலையைப் பேசிவிட்டு, பாத்திரம் நிறைய வாங்கிப் போனார்கள். இது நோன்புக்கு ஆகுமா என்று ஒப்ராத் போய்ப் பாதிரியார் கவ்ரிலோவைக் கேட்டான். அவர் கேக்கைத் தாழ்வாரத்தில் கயிறு கட்டிவைத்து அரை மணி நேரம் ஆராய்ந்தார். "பீன்ஸ் நோன்புக்கு ஆகும். பீன்ஸ் தண்ணியும் ஆகும். அது பறக்குதாங்கறது சபைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று சொல்லிவிட்டார்.

எழுபத்துநான்கு போதும் என்று தெசாங்கா நிறுத்தினாள். பதினேழாம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு அவனை நாற்காலி இல்லாத சமையலறையில் நிற்கவைத்துவிட்டு, விருந்துக்கு மீன் வாங்க டவுனுக்குப் போனாள். சாயங்காலம் மீனோடு திரும்பி வந்தபோது சமையலறையில் ஆளைக் காணவில்லை. மேஜைமேல் ஒரு கேக் பலகை கிடந்தது, அதில் மூன்று துண்டு மட்டும் கத்திக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. மேலே, உத்தரத்துக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் ராதிவோய் முதுகைக் கூரையில் பதித்துக் கிடந்தான்.

"கீழ இறங்கு."

"எப்படி?"

"ஏறின மாதிரியே."

"நான் எங்க ஏறினேன்? அதுவா நடந்துது."

"எத்தனை துண்டு?"

"எண்ணல."

பதினாறில் மூன்று போனால் பதின்மூன்று, பதின்மூன்றாறு எழுபத்தெட்டு என்று தெசாங்கா மனசுக்குள் பெருக்கினாள். நாலு கிலோ தாண்டிவிட்டான்.

"ஒரு கேக்கைப் பார்த்தா வாயைக் கட்ட முடியல இல்ல உனக்கு? நாளன்னிக்கு ஸ்லாவா."

"வாய்க்காகத் தின்னேன்னு நெனைக்கிறியா தெசா?" என்றான் ராதிவோய் கூரையிலிருந்து. "பதினோரு மணி நேரம் நின்னேன். பன்னெண்டாவதுல முட்டி உள்ள என்னமோ சத்தம் போட்டுது. இன்னும் ரெண்டு மணி நேரம் மிச்சம் இருக்கு. அந்த ரெண்டு மணி நேரத்துக்காக அப்பா ஏத்தின மெழுகுவர்த்தி ரோட்டைத் தாண்டணுமா?"

தெசாங்கா மீனைத் தொட்டியில் போட்டாள். பிறகு, "இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்கயுமே வலிக்கல. முப்பது வருஷத்துல மொதத் தடவை."

"மேல எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு. உத்தரத்துமேல ஒரு ஸ்பூன் கெடக்கு. நம்ம கல்யாண ஸ்பூன்."

மறுநாள் தராசு. தராசுக்குப் பிறகு ஜிவ்கோ ஐந்து கிலோ எடைக்கல் நான்கை இரவல் கொடுத்தார். கட்சிக்காரர் என்பதால் ஸ்லாவாவுக்கு வர முடியாதவர் அவர். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் ஏணி இரவல் கேட்டு வருவார், எட்டு மணி நேரம் இருந்து சாப்பிடுவார், ஏணியை மறந்துவிட்டுப் போவார். தெசாங்கா ராதிவோயின் கறுப்புக் கோட்டுப் பைகளுக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்து, பக்கத்துக்கு இரண்டாக இரும்பைப் போட்டாள். அவன் தரையில் நின்றான்.

பத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அன்று பதினோரு வீடு போக வேண்டியிருந்ததால் இந்த வீட்டுக்குப் பாதிரியார் பத்து மணிக்குத்தான் வந்தார். அவரும் ராதிவோயும் ஸ்லாவா ரொட்டியைச் சேர்த்துப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினார்கள், குறுக்கே வெட்டினார்கள், திராட்சை மது விட்டு முத்தமிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒப்ராத்தும் மிலுங்காவும் வந்தார்கள். ஒப்ராத் வழக்கப்படி அண்ணனின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தான். மூன்றாவது முத்தத்தில் தொடையில் இரும்பு இடித்தது. கையை விட்டு ஒரு கல்லை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

"நாப்பது பேர் சாட்சி. இங்க நிக்கிறது எங்கண்ணன் இல்ல. கூட்டுறவுச் சங்கத்து இரும்பு."

ஜிவ்கோ தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். பாதிரியார் தாடியைத் தடவினார். பதில் சொல்ல வேண்டியவன் ராதிவோய் ஒருவன்தான். அவன் ஒப்ராத்தின் கையிலிருந்த கல்லை வாங்கி மேஜைமேல் வைத்தான். மீதி மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். "இன்னிக்கு முழுக்க இரும்பைத் தொடமாட்டேன்" என்று புனிதரின் படத்தைப் பார்த்துச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவன் காலணிகள் மேஜை உயரத்துக்கு வந்துவிட்டன. தலை கூரையில் மெல்ல முட்டியதும் நின்றான். நேராகத்தான் நின்றான், கோட்டு கசங்கவில்லை.

"இது நிக்கிறதா?" என்றான் ஒப்ராத். "ஃபாதர், நீங்களே சொல்லுங்க. தரையே இல்லாம எவனாவது நிப்பானா?"

பாதிரியார் கவ்ரிலோ குனிந்து ராதிவோயின் காலுக்கு அடியில் பார்த்தார், நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"வீட்டுக்காரன் நிக்கணும்னு விதி இல்ல ஒப்ராத். உட்காரக் கூடாதுன்னுதான் விதி. அவன் எதுமேல உட்காந்திருக்கான்னு எனக்குக் காட்டு."

ஒப்ராத் தேடினான். மிலுங்காவும் மேஜைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பாதிரியார் பிளம் சாராயத்தை ஒரே வாயில் முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார்.

அதன்பிறகு விருந்து எல்லா வருஷமும்போல நடந்தது. தெசாங்கா பாட்டிலைக் கொம்பில் கட்டி மேலே நீட்டினாள், ராதிவோய் கூரையைக் கையால் தள்ளித் தள்ளி நகர்ந்து, ஒவ்வொருவர் தலைக்குமேலும் வந்து நின்று ஊற்றினான். விருந்தாளிகள் குவளையை உயர்த்தி வாழ்த்தினார்கள், முதல் முறையாக அந்த உயர்த்தலுக்கு ஒரு பயன் இருந்தது. அவனோடு தனியாகப் பேச விரும்பிய ஜிவ்கோ, ஏணி இரவல் கேட்டார், கேட்டதை வாங்கினார், அந்த வீட்டு ஏணி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். விருந்தாளிகளுக்கான கேக்குகளில் தெசாங்கா கிரீமோடு வால்நட் விழுதைக் கலந்து கனப்படுத்தியிருந்தாள். அப்படியும் டாக்டர் கொர்னேலியா நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டார். புறப்படும்போது ஒவ்வொருவரும், "வராத, வராத, இங்கயே இரு" என்று நிலைப்படியிலேயே ராதிவோயைத் தடுத்துவிட்டுப் போனார்கள். வெளியில் கூரை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒப்ராத் மட்டும் போகவில்லை. கேக்கைத் தொடாமல், நாற்காலியை அறை நடுவில் போட்டு, மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிலுங்கா ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு, பதினான்கு மணி நேரம் முடிந்தபோது, கழுத்து பிடித்துக்கொண்டதால் அவன் எழுந்தான். ஆணியில் தொங்கிய தொப்பியை நோக்கிக் கையை நீட்டி, எடுக்காமலே, "அண்ணா, வெளிக்கதவுவரைக்கும் வருவியா?" என்றான்.

"வராம? நீதான் கடைசி விருந்தாளி."

"இரும்பு?" என்றாள் தெசாங்கா.

"சொன்ன சொல் சொன்னதுதான்."

ராதிவோய் கூரையைத் தள்ளித் தள்ளி வாசலுக்கு வந்து, நிலைக்கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக் குனிந்து, விடைகொடுக்கக் கையை நீட்டினான். ஒப்ராத் கையைக் கொடுத்தான். இருவரும் நிலைப்படியைத் தாண்டினார்கள். தாண்டியதும் ராதிவோயின் கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்துப் போயின. இப்போது அவன் தலைகீழாக, தம்பியின் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். ஒப்ராத் மற்றொரு கையையும் சேர்த்துப் பிடித்தான்.

"விட்டுடாதடா."

"விடல."

வெளிக்கதவு வந்தது. "போயிட்டு வரேண்ணா" என்றான் ஒப்ராத். "போயிட்டு வா" என்றான் ராதிவோய். இருவரும் கையை விடவில்லை.

"நான் விட்டா என்ன ஆவும்?"

"காலைல ருமேனியாவுல வந்து எடுத்துக்கோ."

ஒப்ராத் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அண்ணனை வீட்டு வாசல்வரை திருப்பி நடத்திக்கொண்டு வந்தான். நிலைப்படிக்கு வந்ததும் ராதிவோய்க்கு நினைவு வந்தது: விருந்தாளி இன்னும் போகவில்லை, அவனை வெளிக்கதவுவரை கொண்டுபோய் விட வேண்டும். மறுபடி நடந்தார்கள். வெளிக்கதவில் ஒப்ராத்துக்கு நினைவு வந்தது: அண்ணனை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடி திரும்பினார்கள். தெசாங்கா ஜன்னலில் நின்று எண்ணினாள், கூடவே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதையும் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நடையில் அவர்கள் பன்றி விலையைப் பற்றிப் பேசினார்கள். நாலாம் நடையில் முறிந்த காலோடு நின்ற அப்பாவைப் பற்றி. ஐந்தாம் நடையில் ஒப்ராத் என்னவோ சொல்ல, மேலிருந்து ராதிவோய் சிரித்தான், சிரிப்பில் குலுங்கியபோது ஒப்ராத்தும் தரையைவிட்டு ஒரு விரல் எழும்பி இறங்கினான். ஏழாம் நடையில் ஒப்ராத் வெளிக்கதவில் நின்று எதிரே தன் வீட்டு விளக்கைப் பார்த்தான். அங்கே மிலுங்கா அவனுக்காகக் காத்திருக்கவில்லை என்பதுபோல நின்று காத்திருந்தாள். அவன் பிடியை மாற்றி, இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"அண்ணா, கை நோவுதா?"

"எனக்கு ஒண்ணும் நோவல. உனக்கு?"

"நோவுது. பரவால்ல."

தெசாங்கா கதவைத் திறந்து, "சூப் ஆறுது, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள். உள்ளே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டதும் ராதிவோய் கூரைக்குப் போனான், ஒப்ராத் மேஜைக்குப் போனான். "அந்தக் கேக்குல ஒரு துண்டு குடு அண்ணி, சின்னதா" என்றான்.

சட்டப்படி பார்த்தால் அன்று கடைசி விருந்தாளி போகவில்லை. மறுநாள் மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டியிருந்ததால் ஒப்ராத் தோட்டத்துப் பின்வேலி வழியாகத் தன் வீட்டுக்குப் போய்வந்தான், தொப்பி மட்டும் அண்ணன் வீட்டு ஆணியிலேயே இருந்தது. பின்வேலி வழியாகப் போவது போவதாகாது, தொப்பி ஆணியில் இருக்கும்வரை ஆள் வீட்டில்தான் இருக்கிறான் என்று பாதிரியார் கவ்ரிலோ தீர்ப்புச் சொன்னார். தெசாங்கா மெழுகுவர்த்தி தீரும்போதெல்லாம் அதன் சுடரிலிருந்தே அடுத்ததை ஏற்றினாள். ஜனவரி ஏழில் கிறிஸ்துமஸ் வந்து, பன்றி வறுவலும் வெண்ணெயும் வந்து, ராதிவோய் மெல்லத் தரைக்கு இறங்கினான், ஆனால் விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரன் உட்கார முடியாதே. நின்றுகொண்டே சாப்பிட்டான். இரவில் படுத்தான், படுப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. தெசாங்கா ஒரு பக்கம் வெண்ணெயும் ஒரு பக்கம் பீன்ஸ் தண்ணீரும் வைத்து அவனைச் சாதாரண நாட்களில் முப்பது கிலோவிலும், காற்றடிக்கும் நாட்களில் நாற்பதிலும் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். முட்டிகள் மறுபடி சத்தம் போடவில்லை.

1984 டிசம்பர் பதினெட்டாம் தேதி மிலுங்கா புது மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு பாதிரியாரிடம் போனாள். அண்ணனால் நிற்க முடியாவிட்டால் மெழுகுவர்த்தி தங்களுக்கு என்ற பழைய பேச்சு இந்த வருஷ ஸ்லாவாவுக்கும் பொருந்தும் என்றாள். பாதிரியார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருஷ ஸ்லாவா இன்னும் வரவில்லை, ஏனென்றால் போன வருஷத்து ஸ்லாவா இன்னும் முடியவில்லை என்றார். மிலுங்கா மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொண்டுபோகவில்லை, ஓர்ப்படியின் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு, மார்கரினை நிறுத்திவிட்டு வேறு எதை அடிக்கலாம் என்றும் கேட்டாள். இருவரும் அன்று மாலைவரை கொண்டைக்கடலைத் தண்ணீரைச் சோதித்தார்கள்.

1991-ல் சபையிலிருந்து புதுப் பாதிரியார் வந்தபோது, பதிவேட்டில் ஒரு திருநாளுக்குத் தொடக்கத் தேதி மட்டும் இருப்பதைப் பார்த்து, நேரில் விசாரிக்க வந்தார். பின்னால் நின்றிருந்த ராதிவோயின் கையிலிருந்து, தலைக்குமேலாக, அவருக்கு ஒரு குவளை வந்தது. மேஜையில் ஒப்ராத் உட்கார்ந்திருந்தான். புறப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான், இன்னும் புறப்படவில்லை. பாதிரியார் ஒரு துண்டு கேக் சாப்பிட்டார், கிரீம் மிகவும் லேசாக இருப்பதாகச் சொன்னார். பதிவேட்டின் காலிக் கட்டத்தில் "நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினார்.